சீதாராமன் பெயரில் ஒரு கணக்கு

குவைத்தின் ஃபஹாஹீலில் யாரும் அவளை வெறும் நீலா என்று கூப்பிட்டதில்லை. நீலா டீச்சர். அங்கிருந்த இந்தியப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபது வருடத்துக்குப் பக்கமாகக் கணக்கு நடத்தியவள். வெள்ளிக்கிழமை மாலை கணவன் கௌரிசங்கரோடு கடற்கரையில் நடக்கப் போனால் யாராவது வழிமறிப்பார்கள். தாடி வைத்த ஓர் ஆள், தோளில் குழந்தையோடு, "டீச்சர், என்னை ஞாபகம் இருக்கா?" என்பான். நீலா ஒரு நொடி உற்றுப் பார்ப்பாள்.

"எட்டாவது சி. ஜன்னலோரம். உன் பக்கத்துல உக்காந்தவன் காப்பியடிப்பான், நீ மாட்டிக்குவே."

அவன் சிரித்துக்கொண்டே மனைவியிடம் திரும்பி, "பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்பான். கௌரிசங்கர் இரண்டடி தள்ளி நின்று இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். தனக்கு ஆபீசில் கூட வேலை பார்ப்பவர்களின் பெயரே பாதி நேரம் வருவதில்லை, இவளுக்கு மட்டும் எப்படி என்று வியப்பார்.

சேலத்தில் எம்.எஸ்ஸி. கணக்கு முடித்த கையோடு கல்யாணமாகிக் குவைத்துக்கு வந்தவள் நீலா. கௌரிசங்கர் ஷுஐபாவில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் கருவிகள் பிரிவு இன்ஜினியர். முதல் இரண்டு வருடம் அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அனன்யா பிறந்தாள். குழந்தை நடக்க ஆரம்பித்ததும் நீலா பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். அதன் பிறகு அவளுடைய நாள் முழுவதும் அங்கேதான். வீட்டிலும் சாப்பாட்டு மேஜை மீது விடைத்தாள் கட்டுகள்தான் கிடக்கும்.

கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் வீட்டு ஹாலுக்கே வந்துவிட்டது. அனன்யா படிப்பதற்காக வாங்கிய மேஜைக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து நீலா வகுப்பெடுத்தாள். அந்தச் சமயத்தில்தான் சேலத்தில் அவள் அப்பா சீதாராமன் இறந்துபோனார். விமானம் இல்லை. ஏர்போர்ட் மூடிக் கிடந்தது. யாரோ ஒரு சொந்தக்காரர் போனில் காட்ட, அதே கம்ப்யூட்டரில் அவள் அப்பாவின் கடைசிக் காரியத்தைப் பார்த்தாள். நடுவில் படம் உறைந்து நின்றது. திரும்ப வந்தபோது எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். மறுநாள் காலை எழுந்து குளித்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, "குட் மார்னிங் சில்ரன்" என்றாள். பின்னர் அப்பாவின் படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கீழே பெயர் எழுதி, கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் மாட்டினாள்.

பள்ளிக்கூடம் பழையபடி திறந்து இரண்டு வருடம் போனதும் நீலா வேலையை விட்டாள். தொண்டை போய்விட்டது, முன் மாதிரி கத்த முடியவில்லை என்றாள். அனன்யா படிப்பு முடித்துப் பெங்களூரில் சாப்ட்வேர் வேலைக்குப் போயிருந்தாள். ஓய்வெடுக்கட்டும் என்று கௌரிசங்கரும் விட்டுவிட்டார்.

அடுத்த வருடம் குளிர் காலத்தில் ஒரு வியாழக்கிழமை, டூட்டி முடிந்து வந்தவர் இகாமா என்னும் குடியிருப்பு அனுமதியின் நகல் ஒன்றை அச்செடுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். திரையில் இடது கீழ் மூலையில் எப்போதும் 'கௌரி' என்று ஒரு பெயர்தான் இருக்கும். வீட்டில் எல்லோரும் அதே பெயரில் நுழைவதுதான் வழக்கம். அன்று அதற்குக் கீழே இன்னொரு பெயர் இருந்தது. ஆங்கில எழுத்தில்: சீதாராமன்.

கௌரிசங்கர் அண்ணாந்து சுவரைப் பார்த்தார். மாமனார் எப்போதும்போல் முறைத்துக்கொண்டிருந்தார்.

"நீலா, இங்க வா. இதை நீ பண்ணினியா?"

நீலா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். திரையைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"அப்பா பேரு."

"அதான் கேக்கறேன். நீயா போட்டே?"

"நான் எதுக்குங்க போடப் போறேன்? யாரோ வீட்டுக்குள்ள வந்திருக்காங்க."

அவள் அதைச் சொன்ன விதத்தில் கௌரிசங்கருக்கே பயம் வந்துவிட்டது. பாஸ்போர்ட் நகல்கள், சிவில் ஐடி, பேங்க் விவரம், எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. பாஸ்போர்ட்டில் நீலாவின் அப்பா பெயர் இருக்கிறது. எவனோ எங்கிருந்தோ உள்ளே நுழைந்துவிட்டான் என்று முதலில் நினைத்தார். இன்டர்நெட் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு தன் போனில் மகளை வீடியோவில் கூப்பிட்டார்.

"ரிலாக்ஸ்ப்பா. அந்த நேம் மேல கிளிக் பண்ணுங்க, பாஸ்வேர்டு கேக்குதா?" என்றாள் அனன்யா.

கேட்கவில்லை. நேராகத் திறந்துவிட்டது.

"பாஸ்வேர்டே இல்லையா? ஹேக்கர்னா லாக் பண்ணாமப் போவானா? இது யாரோ வீட்ல உக்காந்து பண்ணினது. சி டிரைவ்ல யூசர்ஸ்னு ஃபோல்டர் இருக்கும், அதுல இந்தப் பேரு இருக்கும். என்னிக்கு கிரியேட் ஆச்சுன்னு பாருங்க."

பார்த்தார். போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல். அந்த நேரத்தில் அவர் ஷுஐபாவில் டூட்டியில் இருப்பார்.

உள்ளே பைல் எதுவும் இல்லை. அனன்யா சொல்லச் சொல்ல இன்டர்நெட்டில் தேடியவற்றைத் திறந்து பார்த்தார். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடியிருந்தது. ரசம் வைப்பது எப்படி. ரசத்துக்குப் புளி எவ்வளவு. சாதம் குழையாமல் இருக்க. இன்று என்ன கிழமை. மறுபடி ரசம் வைப்பது எப்படி. கேஸ் அடுப்பு அணைத்தேனா என்று எப்படிப் பார்ப்பது.

கௌரிசங்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் மனதில் உடனே வந்தது ஒரே ஒரு ஆள். அழகுமலை.

அழகுமலை பரமக்குடிப் பக்கத்து ஆள், முப்பது வயதிருக்கும். ஒரு கிளீனிங் கம்பெனியில் சாயங்கால டூட்டி. பகலில் இவர்கள் குடியிருந்த கட்டடத்தில் மூன்று நாலு வீடுகளைப் பெருக்கித் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். வெளியே இப்படிப் பார்ட் டைம் வேலை பார்ப்பது சட்டப்படி தப்பு, யாராவது எழுதிப் போட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதால் சத்தம் காட்டாமல் வந்து போவான். செவ்வாயும் சனியும் நீலா வீடு. நீலா தூங்கினாலும் வெளியே போயிருந்தாலும் வேலை நிற்கக்கூடாது என்று சாவி ஒன்றும் கொடுத்து வைத்திருந்தார்கள். கம்பெனியின் தொழிலாளர் கேம்பில் ஆறேழு பேரோடு ரூமில் இருக்கிறவன். முறை வைத்துச் சமைப்பவன். ரசம் வைப்பது எப்படி என்று அவனைத் தவிர வேறு யார் தேடப்போகிறார்கள்? பெயர் மட்டும்தான் கேள்வி. அதற்கும் பதில் கண்ணெதிரே சுவரில் இருந்தது. அவன் வாராவாரம் அந்தப் படத்தைத் துடைக்கிறான்.

"பாவம், போன்ல பாத்துக்கறதுதானே" என்றாள் அனன்யா. "இதுக்காகச் சண்டை போடாதீங்கப்பா. கேளுங்க, அவ்வளவுதான்."

சனிக்கிழமை காலை அழகுமலை வந்தான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, வாளியை எடுக்கப் போனவனைக் கௌரிசங்கர் நிறுத்தினார்.

"தம்பி, நீ இந்தக் கம்ப்யூட்டரை யூஸ் பண்றியா?"

"இல்ல சார். மேல தூசி தொடைப்பேன். அதுவும் ஈரத்துணி படாம."

"உண்மையைச் சொல்லு. பண்ணியிருந்தா பரவால்ல. சமையல் குறிப்பெல்லாம் பாத்திருக்கே."

அழகுமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சமையலா? எங்க ரூம்ல நாந்தான் சார் மத்தவனுக்குச் சொல்லிக் குடுக்கறதே. எனக்கு எதுக்கு சார்?"

விஷயம் அதோடு முடிந்திருக்கும். கௌரிசங்கர் பாதி நம்பியும்விட்டார். அப்போது அறை வாசலில் நின்றுகொண்டிருந்த நீலா சொன்னாள்:

"பொய் சொல்றான். நான் பாத்தேன். இந்த நாற்காலியில உக்காந்திருந்தான். நான் வந்ததும் எந்திரிச்சுட்டான்."

"டீச்சர்!" என்றான் அழகுமலை.

"நீல சட்டை போட்டிருந்தே. நான் பாத்தேன் தம்பி."

அவள் குரலில் கொஞ்சம்கூடத் தயக்கம் இல்லை. வகுப்பில் காப்பியடித்தவனைப் பிடித்த அதே குரல். நீலா டீச்சர் பார்த்தேன் என்று சொன்னால் பார்த்ததுதான். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அவளோடு வாழ்ந்தவருக்கு அதில் சந்தேகம் வர வழியில்லை.

அழகுமலை அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணில் கோபம் இல்லை, ஒன்றும் புரியாத ஒரு திகைப்புதான் இருந்தது. பிறகு கழுத்தில் அடையாள அட்டையோடு மாட்டியிருந்த சாவியைக் கழற்றி டீப்பாய் மீது வைத்தான்.

"நா தொடல சார். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"நான் கம்ப்ளெய்ண்ட் எதுவும் குடுக்கப் போறதில்லை" என்றார் கௌரிசங்கர், ஏதோ பெரிய மனது பண்ணுவது போல. "ஆனா இனிமே வரவேண்டாம்."

கீழே இறங்கிப் போனபோது கட்டடத்துக் காவலாளியிடமும் விஷயத்தைச் சொல்லிவைத்தார். காவலாளி மற்ற வீடுகளில் சொன்னான். மறுவாரமே அழகுமலையை அந்தக் கட்டடத்தில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

பூட்டை மாற்றினார். கம்ப்யூட்டரிலிருந்த அந்தக் கணக்கை நீக்கிவிட நினைத்தார். ஆனால் அனன்யா, கொஞ்ச நாள் விட்டு வையுங்கள், திரும்ப யாராவது நுழைகிறார்களா என்று பார்க்கலாம் என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை அதைத் திறந்து பார்த்தார். பார்க்கும்போது மனதில் ஒரு நிம்மதிதான் இருந்தது, ஒன்றும் இருக்காது என்று. ஞாயிற்றுக்கிழமை தேடியிருந்தது. திங்கட்கிழமையும். புதன்கிழமை இரண்டு முறை. எல்லாம் முற்பகல் வேளை.

இன்று என்ன கிழமை. ரசத்தில் பருப்பு எப்போது சேர்ப்பது. ஷுஐபாவில் டூட்டி எத்தனை மணிக்கு முடியும். அதற்குக் கீழே: அனன்யா பிறந்த தேதி என்ன.

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். வெளியாள் யாருக்கும் அது தேவையில்லை. புது பூட்டின் சாவி இரண்டே பேரிடம்தான் இருந்தது.

சமையலறையில் தாளிக்கும் சத்தம் கேட்டது. இத்தனை நாளாகத் தான் கண்டும் கவனிக்காமல் விட்ட ஒவ்வொன்றும் அவர் முன்னால் வந்து நின்றது. சாம்பாரில் இரண்டு தடவை உப்பு. கடற்கரைக்கு வரமாட்டேன், கால் வலிக்கிறது என்று அவள் வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்துவிட்டது. போனில் யாராவது பேசினால் பெயர் சொல்லாமல், "சொல்லுப்பா, சொல்லும்மா" என்று சமாளித்தது. தன்னிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டு, எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டியது.

அன்று இரவு அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை நாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு நடுவில் வீட்டுக்கு வந்தார். கதவை மெதுவாகத் திறந்தார். நீலா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, நல்ல காட்டன் புடவை கட்டி, வகுப்புக்குப் போகிறவள் மாதிரி. திரையில் ஒரு பெண் புளி கரைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நீலா அதை நிறுத்தினாள், எழுந்து சமையலறைக்குப் போனாள், பாதியிலேயே நின்றாள், திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். அப்போதுதான் அவரைப் பார்த்தாள். கை சட்டென்று திரையை அணைத்தது.

"சும்மா பாத்துட்டிருந்தேன்" என்றாள்.

கௌரிசங்கர் சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றை இழுத்துவந்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். 

"என் பேர்ல இருந்ததுலயே உள்ள போயிருக்கலாமே நீலா. நமக்குப் பொதுவாத்தானே அது."

"பாஸ்வேர்டு கேட்டுச்சு."

"உனக்குத்தான் தெரியுமே."

அவள் தலையை அசைத்தாள். "அனன்யா பிறந்த நாள்தானே பாஸ்வேர்டு. அது வரைக்கும் தெரியுது. அந்தத் தேதி வர மாட்டேங்குது." கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். "வேற எதுவா இருந்தாலும் உங்களைக் கேட்டிருப்பேன். பெத்த பிள்ளை பிறந்த தேதியை ஒருத்தி எப்படிங்க புருஷன்கிட்ட கேப்பா?"

அவர் தன் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டார்.

"ஒரு நாள் நீங்க கம்ப்யூட்டரை மூடாம டூட்டிக்குப் போயிட்டீங்க. அன்னிக்கு நானே புதுசா ஒண்ணு போட்டேன்னு நினைக்கிறேன். யார் இந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தப் போறாங்கன்னு கேட்டுது. பேரு, அப்பா பேரு, அப்படித்தானே எங்கயும் எழுதுவோம். எதை எங்க எழுதினேனோ."

"அப்புறம் அன்னிக்கு நான் கேட்டப்ப, நான் போடலைன்னு..."

"நான் பொய் சொல்லலைங்க." அவள் குரல் உயர்ந்தது. "அன்னிக்கு எனக்குத் தெரியல. சத்தியமாத் தெரியல. அந்தப் பேரைப் பாத்ததும் யாரோ வந்துட்டாங்கன்னுதான் பயந்தேன். இப்ப தெரியுது. நாளைக்குத் தெரியுமான்னு தெரியல."

பிறகு அவளாகவே பள்ளிக்கூட விஷயத்தைச் சொன்னாள். தொண்டையில் ஒன்றுமில்லை. எட்டாம் வகுப்பில் பலகையில் ஒரு கணக்கைப் பாதி போட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அடுத்த அடி வரவில்லை. எந்த வகுப்பு, எந்தப் பாடம், எதுவுமே வரவில்லை. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு அமைதியாகப் பார்த்தார்கள். அந்த அமைதியைத்தான் தாங்க முடியவில்லை என்றாள். முதல் வரிசையில் ஒரு பெண் எழுந்து, "மேம், எக்ஸை அந்தப் பக்கம் கொண்டு போகணும்" என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். அதே மாதம் அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லிருந்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பீங்க. அவர் ஒரு பேர் சொல்லியிருப்பார்." பிறகு அவளே கேட்டாள். "அந்த அழகுமலை... நான் அவனைப் பாத்தேன்னு சொன்னேன்ல? பாத்தேனா?"

"இல்ல நீலா."

"நீல சட்டை கண்ணு முன்னாடியே நின்னுதுங்க" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் பயந்த அந்த மறதி நோயின் பெயரையே டாக்டர் சொன்னார். ஸ்கேன்கள் எடுத்தார்கள், படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள். நாற்பத்தொன்பது வயதுக்கு இது சீக்கிரம்தான், ஆனால் வராது என்றில்லை என்றார் டாக்டர். மாத்திரை கொஞ்சம் வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்தாது. அனன்யா பெங்களூரிலிருந்து ஓடி வந்தாள். அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு தன் பிறந்த தேதியை விளையாட்டு போலச் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். நீலாவும் திருப்பிச் சொன்னாள். குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அனன்யா அழுத சத்தம் ஹால் வரை கேட்டது. "யாரு அழறது?" என்றாள் நீலா.

கௌரிசங்கர் அழகுமலையைத் தேடிப் போனார். கம்பெனி பெயர் தெரியும், கேம்ப் மஹ்பூலாவில் என்று தெரியும். வெள்ளிக்கிழமை மதியம் போய் விசாரித்தபோது வாசலுக்கு வந்தான், துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே. சமைத்துக்கொண்டிருந்திருக்கிறான். இவரைப் பார்த்ததும் ஒரு நொடி உள்ளே போய்விடுவான் போலிருந்தது.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தெருவில் நின்றபடியே சொன்னார். 

"தப்பு என்னோடது தம்பி. நான் விசாரிச்சிருக்கணும். மன்னிச்சிரு. பில்டிங்ல எல்லார்கிட்டயும் நானே போய்ச் சொல்லிட்டேன். நீ திரும்ப வரணும்."

"வேலைக்கு வரமுடியாது சார். வேற எடம் புடிச்சிட்டேன்." அவன் தரையைப் பார்த்தான். "அதுக்காகச் சொல்லல. அந்தப் படியில ஏறுனா காலு கூசும். தப்பா எடுத்துக்காதீக." பிறகு நிமிர்ந்து கேட்டான். "டீச்சருக்கு என்னைத் தெரியுமா சார், இப்ப?"

"சில நாள் எல்லாரையும் தெரியுது."

"எனக்குத் தமிழ்ல பேரு மட்டுந்தான் சார் எழுத வரும். அவுகதான் இங்கிலீஷ்ல பேங்க் கையெழுத்துப் போடச் சொல்லித் தந்தாக. நா டீச்சரை ஒருக்கா வந்து பாத்துட்டுப் போறேன்."

சொன்னபடியே மறு வெள்ளிக்கிழமை வந்தான். வெளுத்த சட்டையும் புது பேண்ட்டும் போட்டு, கொஞ்சம் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, விருந்தாளி மாதிரி காலிங் பெல் அடித்தான். கௌரிசங்கர் பதற்றத்தோடு கதவைத் திறந்தார். நீலா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வா தம்பி, வா! என்ன ஆளையே காணோம்? இத்தனை நாளா ஏன் வரல?"

கௌரிசங்கர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஊருக்குப் போயிருந்தேன் டீச்சர்" என்றான் அழகுமலை.

"அம்மா நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்காக."

"உக்காரு. டீ போட்டுட்டு வரேன்."

அவள் எழுந்தாள். கௌரிசங்கர் கூடவே போகப் பார்த்தார். அழகுமலை வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, "நானும் வாரேன் டீச்சர், நீங்க சொல்லுங்க, நா போடுறேன்" என்று அவள் பின்னாலேயே சமையலறைக்குள் போனான். இரண்டு பேரும் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. டீ வந்தது, சர்க்கரை இல்லாமல். மூன்று பேரும் குடித்தார்கள். யாரும் சர்க்கரை கேட்கவில்லை. போகும்போது படியில் இறங்கிக்கொண்டே அழகுமலை கண்ணைத் துடைத்ததைக் கௌரிசங்கர் மேலே இருந்து பார்த்தார்.

பகல் முழுவதும் நீலாவைத் தனியாக விட முடியாது என்று ஆகிவிட்டது. ஒரு நாள் அவள் கீழே இறங்கிப் பள்ளிக்கூட பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றிருக்கிறாள். வெயிலில் வெகு நேரம் நின்றவளைக் காவலாளி அழைத்துவந்தான். கம்பெனியில் இன்னும் மூன்று வருடம் இருக்கலாம் என்றார்கள். கௌரிசங்கர் இருக்கவில்லை. கோடை தொடங்குவதற்கு முன் அவளை அழைத்துக்கொண்டு சேலத்துக்கு வந்துவிட்டார்.

கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை கடைசியாக ஒரு முறை கடற்கரைக்குக் கூட்டிப்போனார். வழக்கம்போல ஒரு பெண் ஓடி வந்தாள், இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு. "டீச்சர், என்னைத் தெரியுதா?" கௌரிசங்கர் விலக்கப் பார்ப்பதற்குள் நீலா அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டாள். "நல்லாப் படிக்கிற பொண்ணு" என்றாள். அந்தப் பெண் சந்தோஷமாகப் போனாள். அவள் உண்மையிலேயே நன்றாகப் படித்தவளா என்று கௌரிசங்கருக்குத் தெரியாது.

இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு முதல் மாடி வீட்டில் இருக்கிறார்கள். அனன்யா வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கி வாரத்தில் பாதி நாள் வந்து இருக்கிறாள். சமையல் கௌரிசங்கர். முதலில் எல்லாவற்றையும் கருக்கினார், இப்போது பழகிவிட்டது. நீலா கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாள். உடம்பு நன்றாக இருக்கிறது. சிரிப்பாள். அழும் நாட்கள் குறைந்துவிட்டன. தொலைந்துகொண்டிருப்பது தெரிந்த காலத்தில்தான் அவள் அழுதாள்.

போன மாதம் ஒரு மாலை, சோறு பிசைந்து அவளுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, கௌரிசங்கர் எதிரில் உட்கார்ந்திருந்தார். நீலா இரண்டு வாய் சாப்பிட்டாள். அவரை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மரியாதையோடு, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள்:

"நீங்க காலையிலேர்ந்து இங்கயே இருக்கீங்களே. உங்க வீட்ல தேட மாட்டாங்களா?"

கௌரிசங்கர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"தேட மாட்டாங்க. சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."

நீலா தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

"அப்ப நீங்களும் சாப்பிடுங்க" என்று தட்டை நடுவில் தள்ளினாள்.